அம்மான் வீட்டுப் பச்சரிசி

ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை. மழைக்காலம் வந்தால் எனக்கு வியாபாரமும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. தெருவே இருமிக்கொண்டு வந்து ஆடாதோடைக்கும் தூதுவளைக்கும் நிற்கும். உள்ளே மூட்டையில் இருக்கிற நன்னாரி வேர் பூசணம் பிடிக்க நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கும் பின்னறையில் குண்டு பல்பைத் தாழ இறக்கிக் கட்டி, அந்தச் சூட்டில் தண்ணீர்விட்டான் கிழங்கைப் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். நன்றாகக் காய்ந்த கிழங்கு ஒடித்தால் சட்டென்று ஒடியும். வளைந்தால் அதை நான் விற்பதில்லை.

தெருவில் என்னைச் சுக்கக்கா என்பார்கள். நாட்டுமருந்துக் கடை என்பதால் மட்டும் வந்த பெயரில்லை அது. வாயும் காரம் என்று ஒரு பேக்கரிக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார். அவர் தொண்டைக்கட்டுக்கு அதிமதுரம் கொடுத்துக் குரலை மீட்டுத் தந்தவள் நான்தான். மீட்டுத் தந்த குரலால் முதலில் எனக்குப் பட்டப்பெயர் வைத்தார், நன்றி கெட்ட மனுஷன்.

வெல்டர் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கிழங்கின் மேல் நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தேன். இரண்டு கட்டடம் தள்ளி அவனுடைய கிரில் பட்டறை. மேலேயே ஒற்றை அறையில் குடித்தனம். பையன் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. பெண்டாட்டிக்குப் பால் போதவில்லை என்று ஏற்கெனவே வந்து வெந்தயமும் சதகுப்பையும் வாங்கிப்போனான். பிறகு தண்ணீர்விட்டான் பொடி வாங்கிப்போனான். இப்போது வெறுங்கையோடு நிற்கிறான். இரும்பை நெருப்பால் ஒட்டுகிறவன் முகம் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி தொங்கிப்போயிருந்தது.

நர்ஸ் வந்து பையனை எடை பார்த்தாராம். ஏற வேண்டிய அளவு ஏறவில்லையாம். அடுத்த வாரம் மறுபடி பார்ப்பார்களாம், அப்போதும் ஏறாவிட்டால் டப்பாப் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நர்ஸ் நல்ல மாதிரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து இவன் பெண்டாட்டி அழுதுகொண்டே இருக்கிறாளாம். ஒரு பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூடத் துப்பில்லாதவள் என்று தன்னையே திட்டிக்கொள்கிறாளாம்.

கேட்க வேண்டியதை நான் கேட்டேன். பையன் துணியை நனைக்கிறானா, கண் விழித்துப் பார்க்கிறானா, அழுகையில் தெம்பு இருக்கிறதா. எல்லாம் இருந்தது. அப்படியென்றால் பயமில்லை, ஆனால் நர்ஸ் சொன்ன நாளில் கட்டாயம் போ, நடுவில் நனைக்காமல் சோர்ந்து கிடந்தால் நாளைப் பார்க்காமல் ஓடு என்று சொன்னேன். மூலிகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சண்டை மூட்டிவிட்டுப் பிழைக்கிறவள் இல்லை நான். காமாலை என்று வந்தால் கீழாநெல்லியை எடுப்பதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்தாயா என்று கேட்பேன். இதனால் சில பேர் வேறு கடைக்குப் போவார்கள். போகட்டும்.

சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். சோறே இறங்கவில்லை என்கிறாளாம். டீயும் பன்னும்தானாம். தொண்டையில் சோறு இறங்காதவளுக்கு மாரில் பால் எங்கிருந்து இறங்கும்? எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சுருக்கமாகப் பேசுவேன், வினையே அதுதான்.

"பொடியெல்லாம் போதும்டா. அம்மான் பச்சரிசி கொண்டுவந்து வை. பழசு ஆகாது, புதுசா இருக்கணும். நாளைக்கு மத்தியானம் நானே வந்து எப்படிக் குடுக்கணும்னு காட்டறேன்."

அவன் பரப்பியிருந்த கிழங்கில் ஒன்றை எடுத்து, திரும்ப வைத்தான்.

"அம்மான் பச்சரிசியா அக்கா?"

"ஆமா."

"வேற எதுவும் ஆகாதா?"

"பால் ஊற அதவிட வேற என்ன இருக்கு?"

"அவ ஒத்துக்கணுமே."

"பிள்ளைக்காக எதையும் முழுங்குவா. நீ கொண்டா மொதல்ல."

"நானும்தான் முழுங்கணும்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான். எங்கே கிடைக்கும் என்று கேட்கவில்லை. கேட்காமல் போகிறவனுக்குத் தெரியும் என்றுதானே யாரும் நினைப்போம்?

அம்மான் பச்சரிசி ஒரு பூண்டு. சுவரோரம், நடைபாதை ஓரம், எங்கே கொஞ்சம் மண் இருந்தாலும் படர்ந்து கிடக்கும். பூங்கொத்து நொய்யரிசி மாதிரி இருக்கும், தண்டைக் கிள்ளினால் பால் வடியும். பால் கொடுக்கிறவளுக்கு அதைப் பசும்பாலில் அரைத்து ஒரு சின்ன உருண்டை கொடுப்பது வழக்கம். அரிசிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயர் வைத்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் எல்லாப் பெயரும் இப்படித்தான். ஆனைநெருஞ்சில், பூனைமீசை, நாயுருவி. ஆனைநெருஞ்சில் கேட்டு யாரும் ஆனையைத் தேடிப் போனதில்லை. ஆனால் வெல்டர் இரும்புத் தூளிலேயே வளர்ந்தவன், அவனுக்குப் புல் எது பூண்டு எது என்று தெரியாது. அவன் காதில் விழுந்தது இரண்டே சொல். அம்மான் என்றால் பிள்ளையின் தாய்மாமன். பச்சரிசி என்றால் பச்சரிசி. தாய்மாமன் கையால் பச்சரிசி வாங்கிப் போட்டால்தான் பால் ஊறும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டான்.

இதில் கூத்து என்னவென்றால், அந்தப் பிள்ளையின் தாய்மாமன் அரிசிக் கடையேதான் வைத்திருந்தார். எங்கள் தெரு திரும்புகிற முனையில், பெரிய கடை. அந்தக் கடை அரிசி தன் உலையில் ஏறாது என்று வெல்டர் பெண்டாட்டி சொல்லிவிட்டு வந்து மூன்று வருஷமாகிறது.

தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியது அந்த அண்ணன்தான். படிப்பு முடித்ததும் அவள் கடையில் உட்கார்ந்தாள். ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தால் எத்தனை மாதத்து அரிசி என்று சொல்லிவிடுவாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம், என்னைப் போல. ஒருநாள் வாங்க வந்தவனிடம், இந்த மூட்டையில் பழசு கலந்திருக்கிறது, அடுத்த மூட்டையில் வாங்குங்கள் என்று கடை நிறைய ஆள் இருக்கும்போதே சொல்லிவிட்டாள். அண்ணனுக்கு மானம் போய்விட்டது. "என் சோத்தத் தின்னு வளந்துட்டு என் அரிசியையே நொட்டை சொல்றியா?" என்று கேட்டுவிட்டார். சோறு போட்டதைச் சொல்லிக்காட்டிய பிறகு எந்தப் பெண் அந்த வீட்டில் கை நனைப்பாள்? கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தாள். இனிமேல் உன் அரிசி என் உலையில் ஏறாது என்றாள், இறங்கிவிட்டாள். அரிசி வாங்க வந்து இத்தனைக்கும் காரணமாகி நின்றவன்தான் வெல்டர். அரிசி வாங்காமல் கடைக்காரர் தங்கையை வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று அப்புறம் தெருவே சிரித்தது. கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை.

அவர் கெட்டவரில்லை, ரோஷக்காரர். என்னிடம் திரிபலா வாங்க வருவார். வாங்கிய பிறகும் நிற்பார். மழை பலமாக இருக்கிறதே, மாடி ஒழுகாதா என்பார். எந்த மாடி என்று நானும் கேட்டதில்லை. பையன் பிறந்ததை நான்தான் சொன்னேன். அப்படியா என்று மட்டும் சொல்லிவிட்டு, திரிபலாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கிளம்பினேன். பட்டறையில் சத்தமில்லை. செம்மண் நிறத்தில் பிரைமர் அடித்த ஜன்னல் கிரில்கள் சுவரில் சாய்ந்திருந்தன, அதில் பாதி அடித்தும் பாதி அடிக்காமலும் ஒன்று. பிரைமர் அடிப்பது அவளுடைய வேலை. பிள்ளை பிறந்த பிறகு அந்த ஒன்று அப்படியே நிற்கிறது. மாடிப்படிக்குக் கீழே சிமென்ட் வெடிப்பில், ஆள் காலடியிலேயே, அம்மான் பச்சரிசி செழிப்பாகப் படர்ந்திருந்தது. இதைத் தினம் மிதித்துக்கொண்டு ஏறி இறங்குகிறானே என்று சிரிப்பு வந்தது. நாலு தண்டு கிள்ளிக்கொண்டேன்.

மேலே அறை முழுக்கக் கயிறு. கயிறு முழுக்கக் காயாத துணி. அதற்கு நடுவில் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள், முகம் வீங்கி. பையனை மாரில் போட்டிருந்தாள். போட்டு நிமிஷமாகவில்லை, விலக்கி, வருகிறதா என்று அழுத்திப் பார்த்தாள். அவன் வீறிட்டான். மறுபடி போட்டாள், மறுபடி விலக்கினாள்.

அடுப்பில் வைத்த பாலா, பொங்கிவிட்டதா என்று எட்டி எட்டிப் பார்க்க? என்று கத்தினேன். முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்தேன். பிள்ளையின் வயிறு அவள் வயிற்றோடு ஒட்டுகிற மாதிரி திருப்பிவிட்டேன். அவன் விடும்வரை நீ எடுக்கக் கூடாது, குடிக்கக் குடிக்கத்தான் ஊறும், நர்ஸும் இதையேதான் சொல்லியிருப்பார், நீதான் காதில் வாங்கவில்லை என்றேன். அவள் தலையாட்டினாள். எனக்கு வராதுக்கா என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்காரி சண்டை போடாமல் பேசினால் கேட்கவே பயமாக இருக்கிறது.

வீட்டுக்காரன் கொண்டுவந்தானா என்று கேட்டேன்.

"என்னத்தக்கா?"

"அம்மான் பச்சரிசிதான். நேத்தே சொல்லி அனுப்பினேனே."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "காலையில நல்ல சட்டையா எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனாரு. செடி பறிக்கவா சட்டை மாத்திக்கிட்டுப் போனாரு?"

அப்போதுதான் படியில் கனமான காலடி கேட்டது. முதலில் வந்தது ஒரு மூட்டை. மூட்டைக்குக் கீழே அரிசிக்கடைக்காரர். பின்னால் வெல்டர் குடை பிடித்துக்கொண்டு வந்தான். குடை மூட்டைக்கு மேலே இருந்தது, மனுஷர் தொப்பலாக நனைந்திருந்தார். அவள் சட்டென்று பிள்ளையை விலக்கி, சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மூட்டை தரையில் இறங்கியது. வெல்டர் என்னைப் பார்த்து, பரீட்சையில் தேறிய மாதிரி நின்றான்.

"நீங்க சொன்னபடியே அக்கா. அம்மான் குடுத்த பச்சரிசி. பழசு ஒரு மணி கெடயாது."

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. கையிலிருந்த செடியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். என் கையைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கணக்கு அவளுக்கும் விளங்கிவிட்டது. யாராவது மருந்தின் பெயரைத் தப்பாகச் சொன்னால் தெருவில் நிறுத்தித் திருத்துகிறவள் நான், அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

அண்ணன் தங்கையைப் பார்க்கவில்லை. ஈரத் துணிகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஒழுகுகிறதா என்று பார்த்தாரோ என்னவோ. கடைசியில் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"நீ கேட்டியாமே."

நானும் வெல்டரும் அவளைப் பார்த்தோம். இல்லை என்று ஒரு சொல் போதும். அது உண்மையும்கூட. அவர் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்குவார், அதற்கப்புறம் ஜன்மத்துக்கும் இந்தப் படியை மிதிக்க மாட்டார். அவளுடைய வீம்பு எனக்குத் தெரியும். முனைக் கடை பக்கத்திலேயே இருக்க, வயிற்றில் பிள்ளையோடு ஊருக்கு அந்தப் பக்கம் போய் அரிசி வாங்கிச் சுமந்தவள். வெல்டரின் முகத்தில் தேறிய களை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பையன் பசியில் சிணுங்கினான். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமாண்ணா" என்றாள். "நான்தான் கேட்டேன்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நனைந்து வந்தவர் துடைப்பது சகஜம். ஆனால் நெடுநேரம் துடைத்தார். துடைத்து முடித்து என் பக்கம் திரும்பி, சிரிக்காமல் கேட்டார்.

"எப்படிங்க குடுக்கணும் இத?"

மருந்து விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"நல்லாக் குழைய வேக வெச்சு, வயிறு நெறையக் குடுக்கணும். மூணு வேளையும். பக்கத்துல யாராவது உக்காந்து, சாப்பிடற வரைக்கும் பாத்துக்கணும்."

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கட்டிலருகே குனிந்து, பையனின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டார். மூட்டையைப் பிடித்து இறக்கியதில் விரலில் ஒட்டியிருந்த அரிசி மாவு காலில் வெள்ளையாக ஒட்டியது. அதைத் துடைக்கப் போனவர், துடைக்காமல் நிமிர்ந்தார். கடையில் ஆள் இல்லை என்றார். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்வதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார். வெட்கம் வந்த பெரிய மனுஷர்கள் இப்படித்தான் ஓடுவார்கள்.

அவள் பையனை மறுபடி மாரில் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை விலக்கிப் பார்க்கவில்லை. நினைப்பு வேறெங்கோ இருந்தது. வெல்டர் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன நடந்தது, ஏன் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சொல்வதா வேண்டாமா என்று நான் யோசித்தேன்.

மூட்டையைப் பிரிக்கச் சொன்னாள். பழைய பழக்கம், ஒரு மணி கடித்துப் பார்க்க வேண்டுமாம். வெல்டர் சணல் முடிச்சை அவிழ்த்து வாயை விரித்தான்.

அரிசிக்கு மேலே ஈரக் காகிதத்தில் சுருட்டிய ஒரு பொட்டலம். பிரித்தான். உள்ளே ஒரு கைப்பிடி செடி. மண் போகக் கழுவி, வேரை நறுக்கி, கடைச் சணலாலேயே கட்டியிருந்தது.

"இது என்னக்கா?" என்றான்.

"இதுதான்டா அம்மான் பச்சரிசி" என்று முந்தானைக்குள் இருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பார்த்தான். அரிசியைப் பார்த்தான். அவனுக்கும் விளங்க ஆரம்பித்தது. தலையில் கை வைத்துக்கொண்டு மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அவரு ஒண்ணுமே சொல்லலியேக்கா. அம்மான் பச்சரிசி வேணுமாம், உங்க தங்கச்சி கேட்டாள்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. உக்காருங்க மாப்பிள்ளைன்னாரு. கடைக்குப் பின்னாடி போனாரு, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தாரு. மழையில என்ன பண்றாருன்னு நெனச்சேன்."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான்.

"எங்கண்ணன் வெரல்ல மரு இருக்கும்கா சின்ன வயசுல. எங்கம்மா இந்தச் செடியோட பாலத்தான் தொட்டு வெப்பாங்க. போய்ப் பறிச்சிட்டு வர்றது நானும் அவரும்தான். அம்மான் பச்சரிசின்னா என்னன்னு அவருக்கா தெரியாது?"

தெரிந்தே மூட்டை சுமந்திருக்கிறார். தெரிந்தே என்னிடம் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். செடியை அறிந்த தங்கை அதை அரிசிக்கடையில் கேட்டிருக்க மாட்டாள் என்பதும் தெரிந்திருக்கும். அவள் ஆமாம் என்றதும் அத்தனை நேரம் முகத்தைத் துடைத்தது எனக்கு இப்போது விளங்கியது.

அறையில் பேச்சு நின்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பையன் விழுங்கிக்கொண்டிருந்தான். இழுத்து, நிறுத்தி, தொண்டையில் இறங்குகிற சத்தம் கேட்கும்படி விழுங்கினான். அவளும் கேட்டாள். குனிந்து அவன் தாடையைப் பார்த்தாள். அரிசி இன்னும் உலையில் ஏறவில்லை, செடி அம்மியில் ஏறவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எடை பார்க்கிற நாள் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தைரியமாக இருந்தது.

"அக்கா, உலை வைங்க" என்றாள். "இந்த அரிசியவே போடுங்க. நாலு பேருக்குப் போடுங்க."

பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"ஏங்க, ஓடிப்போய் அண்ணனக் கூட்டிட்டு வாங்க. சாப்பிடாமப் போறாரு."

"யாரு கூப்பிட்டதாச் சொல்ல?"

"நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க. இப்ப நெஜமாவே நான்தான் கூப்பிடறேன்னு சொல்லுங்க."

அவன் குடையை எடுத்துக்கொண்டு இரண்டு படி இறங்கினான். என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி ஏறி வந்து, கதவோரம் நின்று, என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அண்ணன்னு வேற எதுவும் செடி இல்லல்ல?"

"இல்லடா" என்றேன். "ஓடு."